ஜெனீவாவில் என்னை எவடம் என்று கேட்டவர்

"மற்றவ எங்கை?"

ஜெனீவாவில் என் காதில் விழுந்த முதல் தமிழ் இதுதான். கேட்டவர் குணம் அண்ணை. நெல்லியடிக்காரர். முப்பது வருடமாக அங்கே ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். எங்களுக்கு மொழிபெயர்க்க நான்கு நாள் லீவு போட்டிருந்தார். இரண்டு பெண்கள் வருவார்கள் என்று இரண்டு குளிர்ச்சட்டைகளோடு விமான நிலையத்தில் நின்றார். நான் ஒருத்திதான் வெளியே வந்தேன்.

"மறிச்சுப்போட்டாங்கள் அண்ணை."

அவர் இரண்டு சட்டைகளையும் என்னிடமே நீட்டினார். "ரண்டையும் போடுங்கோ தங்கச்சி. வெளியிலை குளிர் கொல்லும்."

மறிக்கப்பட்டவர் பவளக்கா. அவரைப் பற்றிச் சொல்வதென்றால் எங்கள் காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில் கடற்கரைப் பக்கமாக எங்கள் ஊர். எனக்குப் பதினேழு வயதில் எல்லோருமாக இடம்பெயர்ந்தோம். சண்டை முடிந்த பிறகு எத்தனையோ பேரின் காணிகளைத் திருப்பித் தந்தார்கள். எங்கள் பக்கம் இன்னும் படையினரின் கம்பிவேலிக்குள்தான் இருக்கிறது. காணிக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். பவளக்கா தலைவி. நான் கடிதம் எழுதுகிறவள். சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது, ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த வேலையைத் தந்தார்கள். கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை. நாலு பேர் என்னைப் பார்த்தாலே பின்வரிசைக்குப் போய்விடுவேன்.

போன வருடம் பவளக்கா ஜெனீவாவுக்குப் போய், மனித உரிமைச் சபை கூடியிருந்த நேரம் எங்கள் காணியைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். வந்த கிழமையே விசாரணை தொடங்கியது. மருதனார்மடம் சந்தைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு தையல்கடை இருந்தது. எதிரே இருக்கும் தேத்தண்ணிக் கடையில் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து உட்காரத் தொடங்கினார்கள். சட்டை தைக்க வருகிற பெண்களிடம் பெயரையும் வீட்டையும் கேட்டு எழுதினார்கள். இரண்டு மாதத்தில் சட்டைத் துணியோடு வருவதற்கு ஒருவரும் இல்லை. மூன்றாம் மாதம் கட்டடச் சொந்தக்காரர், "பிள்ளை, குறை நினைக்காதை" என்று சொல்லிக் கடையைப் பூட்டித் திறப்பை வாங்கிக்கொண்டார்.

இந்த முறை பவளக்கா புறப்பட்டது இதைச் சொல்லத்தான். காணியைப் பற்றி வெளியே போய்ப் பேசியதற்காகத் தனக்கு என்ன நடந்தது என்பதை, பேசிய அதே இடத்தில் போய்ச் சொல்ல. பைல் தூக்கத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் நாட்டு விமான நிலையத்தில் அவருடைய கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி எழும்பிப் போய் வேறு இரண்டு பேரோடு திரும்பி வந்தார். ஏதோ கடிதம் குறைகிறதாம், கடவுச்சீட்டைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை. யாரும் கவனிக்காமல் இருப்பது எனக்குப் பழகிய விஷயம். பவளக்கா பைலை என் நெஞ்சோடு சேர்த்து அமத்தினார்.

"நீ போ மலர். என்ரை பேரைச் சொல்லு. ஒரு பெண்ணுக்கு இப்பிடி நடந்ததெண்டு சொல்லிப்போட்டு வராதை. பேரைச் சொல்லு."

அப்படித்தான் நான் ஜெனீவாவில் தனியாக இறங்கினேன், இரண்டு குளிர்ச்சட்டைகளோடு.

குணம் அண்ணையின் வீட்டில் அன்று புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். பயணத்தை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று பவளக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தும், ஒரு கிழமைக்குள் உடுவிலில் எங்கள் வீட்டுக்கு ஆறு பேர் மிளகாய்த்தூளோடு வந்துவிட்டார்கள். இங்கே இருக்கும் தங்கைக்கு, மருமகனுக்கு, சம்பந்தி வீட்டுக்கு என்று கொடுத்துவிட. பொதிகளை அடுக்கி வைத்துவிட்டு குணம் அண்ணை சிரித்தார். "எங்கடை சனத்தட்டை இரகசியம் சொல்லுறதும் ஸ்பீக்கர் கட்டுறதும் ஒண்டுதான்."

மறுநாள் காலையில் சபைக் கட்டடத்துக்கு நுழைவு அட்டை எடுக்க ட்ராம் வண்டியில் போனோம். அவர் முன்கதவால் ஏறிவிட்டார். நான் பின்கதவின் முன்னால் மரியாதையாக நின்றேன். கதவு திறக்கவில்லை. வண்டி போய்விட்டது. உள்ளே குணம் அண்ணை கையைக் காலை ஆட்டிக்கொண்டு போவது கண்ணாடியால் தெரிந்தது. கதவில் இருக்கும் பொத்தானை நாங்களே அமத்த வேண்டுமாம். எங்கள் மினிபஸ்ஸில் நீங்கள் ஏற விரும்பாவிட்டாலும் கொண்டக்டர் இழுத்து ஏற்றி, "உள்ளுக்கை போங்கோ, உள்ளுக்கை போங்கோ" என்று தள்ளுவார். இங்கே கேட்காமல் ஒரு கதவும் திறக்காது. அடுத்த தரிப்பில் இறங்கி ஓடிவந்த குணம் அண்ணை மூச்சு வாங்கியபடி சொன்னார். "இந்த நாட்டிலை வெக்கப்பட்டா வீட்டுக்கும் போய்ச்சேர ஏலாது தங்கச்சி."

அட்டை எடுக்க இன்னும் நேரம் இருந்தது. ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, அதிலும் பாதி உவர். கண் எட்டாத தூரம் வரைக்கும் நிற்கும் தண்ணீர் உப்பில்லை என்று சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரையோர வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஏதோ சொல்ல, குணம் அண்ணை மொழிபெயர்த்தார். "உப்புப் போடவேணுமோ எண்டு கேக்கிறா." மூன்று பேரும் சிரித்தோம்.

சபைக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு கால் உடைந்த கதிரை ஒன்று தென்னை உயரத்துக்கு நிற்கிறது. கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்காக வைத்ததாம். உள்ளே தோட்டத்தில் மயில்கள் அகவுகின்றன. எங்கள் காணிக்குள்ளும் இப்போது மயில்கள் வந்துவிட்டன என்று வேலியோரம் போய்ப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மயிலுக்கு அனுமதி தேவையில்லை.

கட்டடத்தின் நடைபாதைகள் எங்கள் ஊர்ச் சந்து ஒழுங்கைகளைப் போல முடிவில்லாமல் போகின்றன. குணம் அண்ணை கோப்பி வாங்கப் போன நேரம் ஒரு யன்னலருகே தனியாக நின்றேன். கோட் போட்ட ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும்.

"அக்கா எவடம்?"

அந்த ஒரு கேள்வி போதும். எவடம் என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்வது எங்களுக்குத் தெரியாது. ஊர், ஒழுங்கை, கோயில், தகப்பன், கலியாணம் கட்டிய இடம் எல்லாம் சொல்லி, இடையில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்தால்தான் மனம் ஆறும். இரண்டு நாளாக ஊர்க்கதை இல்லாமல் இருந்த எனக்கு வாய் தானாகத் திறந்தது. பிறந்த ஊரைச் சொன்னேன். இப்போது உடுவிலில் பிள்ளையார் கோயில் ஒழுங்கையில் இரண்டாவது கிணற்று வீடு என்றேன். சின்னத்தம்பியின் கடைசி மகள் என்றேன். என் மகள் பட்டம் முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருக்கிறாள் என்றும் சொன்னேன்.

"அப்பிடியே, நல்லது அக்கா. ஒரு படம் எடுப்பமே?"

சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் நினைவு வந்தது. "தம்பி நீங்கள் எவடம்?" அவர் கைத்தொலைபேசியைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு நடந்தார். எங்கள் ஆட்களில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போன ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

கோப்பியோடு வந்த குணம் அண்ணையின் முகம் கறுத்துப்போனது. "உவன் ஒவ்வொரு வருசமும் வாறவன். போன முறை பவளக்காவையும் படம் எடுத்தவன். ஆர் அனுப்புறாங்களெண்டு எனக்குத் தெரியாது. என்னத்தைச் சொன்னியள்?"

சொன்னேன்.

"எல்லாத்தையுமோ?"

"ஓம்."

அவர் கோப்பியை என் கையில் தந்தார். எங்கள் ஊர்த் தேத்தண்ணீரில் ஒரு மிடறு அளவு, சாவுக் கசப்பு. முழுவதையும் குடித்தேன். வாய்க்கு அது வேண்டும் என்று இருந்தது.

மூன்றாம் நாள் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. இவர், என் வீட்டுக்காரர், வெங்காயத் தோட்டத்தில் நின்று பேசினார். தண்ணீர் இறைக்கிற மோட்டார்ச் சத்தம் கேட்டது.

"இஞ்சேரும், நேற்றுப் பின்னேரம் ரண்டு பேர் வந்தவங்கள். நீர் எங்கை எண்டு கேட்டாங்கள். ஜெனீவாவிலை எண்டன். அது தெரியும், எப்ப வாறா எண்டாங்கள். பிறகு சின்னத்தம்பியின்ரை கடைசி மேள், ரண்டாவது கிணத்து வீடு எண்டு எங்கடை முழுச் சாதகத்தையும் வாசிச்சாங்கள்."

"வேறை?"

"மேளுக்கு நியமனம் வரப்போகுதாமே, சந்தோசம் எண்டாங்கள்."

அந்தச் "சந்தோசம்" என்ன சொல்கிறது என்று இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான்கு வருடம் அந்தப் பிள்ளை சைக்கிளில் பல்கலைக்கழகம் போய்வந்தாள். நான் வாயைக் கட்ட முடியாமல் அவள் வேலையை ஒரு கோட்டுக்காரரின் கையில் கொடுத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் ஓர் அலுவலரைச் சந்திக்க வேண்டியிருந்தது. சபையோடு பேசியதற்காகத் துன்பப்படுத்தப்பட்டவர்களைப் பற்றி அறிக்கை எழுதுகிற பெண்மணி. மெலிந்த ஆள், காதில் பென்சில். நான் சொல்ல, குணம் அண்ணை மொழிபெயர்க்க, அவர் ஒவ்வொரு வரியையும் திருப்பி வாசித்துக் காட்டி எழுதினார். பவளக்காவின் கதை முடிந்ததும், முந்தின நாள் எங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதினார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

குணம் அண்ணை சொன்னார். "முழுப் பேரும் போடலாமாம். முதலெழுத்து மட்டும் போடலாமாம். இல்லாட்டி ஒரு பெண் எண்டும் எழுதலாமாம். உங்கடை விருப்பம். நாளையான் கூட்டத்திலையும் நீங்கள் கதைக்கத் தேவையில்லை, கடதாசியைத் தந்தா தானே வாசிப்பாவாம். யோசிச்சு நாளைக்குக் காலமை சொல்லட்டாம்."

பிறகு தன்பாட்டில் முணுமுணுத்தார். "எங்கடை ஊரிலை பெட்டிசம் எழுதாத வீடு இல்லை. பேர் போட்டு எழுதின வீடும் இல்லை." அந்தப் பெண்மணி என்னவென்று கேட்க, மொழிபெயர்த்தார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பவளக்காவின் பெயர் முடிந்த காரியம். அவர் சொல்லிவிட்டார். கேள்வி என் பெயர். இதுவரை அவர்கள் வந்து பயம்காட்டினார்கள், அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு திரும்பினால் மகளின் நியமனம் வரக்கூடும். கட்டடத்தின் வாசற்படியில் இருந்துகொண்டு வீட்டுக்கு எடுத்தேன்.

"நான் கதைக்காமல் வரட்டே?" என்று இவரிடம் கேட்டேன்.

மோட்டார்ச் சத்தம் நின்றது. "உம்மடை அப்பு தோண்டின கிணறு அங்கை கிடக்கு," என்றார். "என்னட்டைக் கேளாதையும். வேலை கேட்டு நிக்கிறது மேள். அவளிட்டைக் குடுக்கிறன்."

மகள் எடுத்தாள். அழுகிறாளோ என்று காது கொடுத்துக் கேட்டேன்.

"அம்மா, நாளைக்கு எந்தச் சீலை உடுக்கப்போறியள்?"

"மண்ணிறம்."

"ஐயோ, அது வீடியோவிலை அழுக்கு மாதிரித் தெரியும். சிவப்பை உடுங்கோ. எல்லாரும் பாக்க இருக்கிறம்."

வேறொன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். அந்தப் படியில் இருந்து நான் அழுதது பயத்தால் அல்ல. அப்படி ஒரு பிள்ளையை நானா வளர்த்தேன் என்று இருந்தது.

குணம் அண்ணைக்கும் ஒரு பயம் இருந்தது. நெல்லியடியில் தமையன் குடும்பம். அதனால் கூட்டங்களில் அவர் எப்போதும் கமராவுக்குப் படாத மூலையில் இருந்து மைக்கில் மொழிபெயர்ப்பார். எங்கள் கூட்டத்துக்கும் மூலைக் கதிரையை முதலே பார்த்து வைத்திருந்தார்.

நான்காம் நாள். பெரிய மண்டபம் அல்ல, பக்கத்து அறைகளில் ஒன்று. ஐம்பது பேர் இருக்கலாம். கடைசி வரிசைக்கு முன் வரிசையில் அந்தக் கோட்டுக்காரர். தொலைபேசியை ஏற்கனவே உயர்த்திப் பிடித்திருந்தார். எனக்குத் தந்தது ஐந்து நிமிடம். எழுதிய தாளைக் கையில் எடுத்தேன். வாசிக்காமல் மேசையில் வைத்துவிட்டு அந்தக் கோட்டுக்காரரைப் பார்த்தேன்.

"வணக்கம். முந்தநாள் இந்தக் கட்டடத்திலை ஒரு தம்பி என்னை எவடம் எண்டு கேட்டவர். பாதிதான் சொன்னனான். மிச்சத்தையும் சொல்லுறன், வடிவா எழுதட்டும்."

சில தலைகள் பின்னால் திரும்பின. தொலைபேசி அசையவில்லை.

"என்ரை பேர் இராசமலர். சின்னத்தம்பியின்ரை கடைசி மேள். எங்கடை வளவு நாலு பரப்பு, ரண்டு கிணறு, ஒண்டு நல்ல தண்ணி, ஒண்டு உவர். கம்பி வேலிக்கு உள்ளை கிடக்கு. அதைக் கேக்கத்தான் எங்கடை சங்கம். சங்கத் தலைவியின்ரை பேர் பவளராணி தம்பிராசா. போன வருசம் இஞ்சை வந்து கதைச்சவ. அதுக்காக அவவின்ரை தையல்கடையை மூடப்பண்ணினாங்கள். இந்த வருசம் பிளேனிலை ஏற விடேல்லை. நான் இஞ்சை வந்து ரண்டாம் நாள் என்ரை வீட்டுக்கு ஆள் போய், என்ரை மேளின்ரை வேலையைப் பற்றி விசாரிச்சிருக்கு. நாங்கள் கேட்டது எங்கடை காணியை. வேறை ஆற்றையும் இல்லை."

மொழிபெயர்ப்புக் குரல் பக்கத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். குணம் அண்ணை மூலையில் இல்லை. என் தோளோடு நின்று, மைக்கைப் பிடித்து, வீடியோவுக்கு நேரே முகத்தைக் காட்டி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

ஐந்து நிமிடம் முடியவில்லை, நான் முடித்துவிட்டேன். மிச்ச நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். அந்தத் தம்பி படமெடுப்பது நன்றாக வரட்டும் என்று அவர் பக்கமாகவே நின்றேன். சிவப்புச் சீலை. பென்சில் அம்மா என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். முழுப் பெயர்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேர். கதிரை போட்டேன். அங்கே சொன்னதை அப்படியே இங்கேயும் சொன்னேன், இந்த முறை ஆறுதலாக, ஒழுங்கை ஒழுங்கையாக. ஒருவர் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாத கடதாசியிலை நான் கையெழுத்து வைக்கிறேல்லை," என்றேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்றரைப் பக்கம் நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

மகளின் பெயர் நியமனப் பட்டியலில் வரவில்லை. இதுதான் காரணம் என்று யாரும் சொல்லவும் இல்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் முன் அறையில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறாள். பவளக்காவின் கடவுச்சீட்டு திரும்பி வந்தது, கடை வரவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான் எங்கள் பயமாக இருந்தது. பவளக்காவின் விசாரணைக்குப் பிறகு பலர் நின்றுவிட்டார்கள். வருகிறவர்களும் வரவுத் தாளில் பெயர் எழுதுவதில்லை. தாள் யாருடைய கைக்குப் போகும் என்று தெரியாது. அதனால் தாள் வைப்பதையே விட்டிருந்தோம்.

அன்று எங்கள் வீட்டு முன் அறையில் கதிரை போதவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டோம். எல்லோரும் வீடியோ பார்த்திருந்தார்கள். "உனக்கு வாய் இருக்கெண்டு இப்பதான் தெரியுது எடி," என்று ஒருத்தி என் கன்னத்தில் இடித்தாள். ஒரு வருடமாக எட்டிப் பார்க்காத சின்னராசா அண்ணையும் வந்திருந்தார். பவளக்கா கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு மேசையில் வைத்தார். வைத்துவிட்டுப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.

பிறகு சின்னராசா அண்ணை எழும்பினார். பேனாவைத் திறந்து நிறைய நேரம் குனிந்து நின்றார்.

"பிள்ளை, விலாசமும் எழுதவேணுமே?"

"விருப்பம் எண்டா எழுதுங்கோ அண்ணை," என்றேன்.

எழுதினார். அடுத்தவர் எழும்பினார். தாள் மடிக்கு மடி மாறிக் கடைசியாக என்னிடம் வந்தது. வாசித்தேன். அதில் உடுவில் இல்லை, மருதனார்மடம் இல்லை, வாடகை வீடு ஒன்றும் இல்லை. சின்னராசா அண்ணை கம்பிவேலிக்கு உள்ளே கிடக்கும் தன் வளவின் விலாசத்தை எழுதியிருந்தார். அவருக்குக் கீழே எல்லோரும் அப்படியே எழுதியிருந்தார்கள். கோயில் ஒழுங்கை, பள்ளிக்கூட ஒழுங்கை, கடற்கரை ஒழுங்கை. முப்பத்தைந்து வருடமாக ஒருவரும் குடியில்லாத எங்கள் ஊர் ஒரு கொப்பித்தாளில் முழுதாக இருந்தது.

கீழே கொஞ்சம் இடம் இருந்தது. நானும் எழுதினேன்.